பழைய பிக்கப், லிட்டருக்கு 9 கி.மீ. – டீசல் எங்கேதான் போகிறது?

தாளவாடி_லோடு

அனைவருக்கும் வணக்கம். வண்டி 2011 மாடல் பொலேரோ பிக்கப், டர்போ டிஐ எஞ்சின், எஞ்சினுக்கு டீசல் தள்ளுவது கம்ப்யூட்டர் இல்லாத மெக்கானிக்கல் பம்பு. அப்பா வாங்கியது, இப்போது நான் ஓட்டுகிறேன். தாளவாடியில் முட்டைக்கோஸ், பீட்ரூட், தக்காளி ஏற்றி, திம்பம் மலைப்பாதை இறங்கி, சத்தி (சத்தியமங்கலம்) வழியாக மேட்டுப்பாளையம் மார்க்கெட். திரும்பும்போது உரமூட்டை கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் காலிக் கிரேடு (காய்கறிப் பெட்டி)தான்.

முன்பெல்லாம் போக வரச் சேர்த்துப் பார்த்தால் லிட்டருக்கு 12-க்குக் குறையாது. இப்போது 9-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. கரும்புகை இல்லை, ஆயில் குறைவதில்லை, ஏற்றத்தில் இழுவையும் பரவாயில்லை. ஒரு மெக்கானிக் பம்பு, டீசலைத் தெளிக்கும் நாசில் எல்லாம் இறக்கி கேலிப்ரேஷன் (அளவு சரிசெய்தல்) செய்யவேண்டும் என்று பெரிய தொகை சொல்கிறார். இன்னொருவர் எஞ்சின் வேலையே வந்துவிட்டது என்கிறார்.

டீசல் 92 ரூபாயைத் தாண்டி நிற்கிறது, வாடகை ஏறவில்லை. புது வண்டி எடுத்துத் தவணை கட்டும் நிலையில் நான் இல்லை. எதில் முதலில் கை வைப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டீசல்பம்பு_கோவை

தம்பி, எனக்குப் பம்பு வேலைதான் தொழில். இருந்தும் சொல்கிறேன், பம்பை இப்போது இறக்காதீர்கள்.

நாசில் கெட்டால் அது சும்மா இருக்காது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப்புகை அடிக்கும், எஞ்சின் கடகடவென்று தட்டும், லோடில் கரும்புகை தள்ளும். பம்பு உள்ளே தேய்ந்தால் இழுவை விழுந்துவிடும், சூடான எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். உங்களுக்கு இதில் எதுவுமே இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் எஞ்சின் டீசலை ஒழுங்காகத்தான் எரிக்கிறது, அதில் வரும் சக்தியை வேறு ஏதோ தின்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

மூன்று விஷயம் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

ஒன்று, எஞ்சின் எவ்வளவு சூட்டில் ஓடுகிறது. டெம்பரேச்சர் முள் ஓட்டத்தில் எங்கே நிற்கிறது? சமவெளியில் அரை மணி நேரம் ஓடிய பிறகும் கீழேயே கிடந்தால், தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று ஹவுசிங்கைத் திறந்து பாருங்கள். நம் பக்கம் பத்து பழைய வண்டியைத் திறந்தால் பாதியில் அது இருக்காது. வண்டி ஒருமுறை ஹீட் ஆகியிருக்கும், யாரோ கழற்றி வீசியிருப்பார்கள். தெர்மோஸ்டாட் 80 டிகிரிக்கு மேல் போன பிறகுதான் ரேடியேட்டருக்கு வழி விடும். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்தே தண்ணீர் ரேடியேட்டருக்குள் சுற்றும். மலைக்குளிரில் எஞ்சின் சூடாகவே ஆகாது. ஆயில் கெட்டியாகவே இருக்கும், சிலிண்டர் சுவர் வழியாகச் சூடு வீணாகும். அதே வேலையைச் செய்ய டீசல் கூடுதலாகப் போகும். லைனரும் ரிங்கும் சீக்கிரம் தேயும் என்பது தனிக்கணக்கு.

இரண்டு, வீல் ஃப்ரீயாகச் சுற்றுகிறதா. சமதளத்தில் கொஞ்ச தூரம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி, மெதுவாக உருளவிட்டு நிறுத்துங்கள். இறங்கி நாலு வீலின் நடுப்பகுதிக்கும் புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். நாலும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கவேண்டும். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது, அல்லது பேரிங் டைட். திம்பம் இறங்கிய உடனே இந்தச் சோதனை செய்யக்கூடாது. அப்போது நாலுமே கொதிக்கும்.

மூன்று, ஏர் ஃபில்டரும் டர்போவிலிருந்து போகும் ஹோசும். கிளிப் இருக்கும் இடத்தில் ஹோஸ் வெடித்திருந்தால் ஆயில் கசிந்து தூசி அப்பிக் கறுப்பாகத் தெரியும்.

இருநூற்றேழு

நான் டாடா 207 டிஐ வைத்திருக்கிறேன். வண்டி வேறு, வியாதி ஒன்றுதான்.

முதலில் மைலேஜை எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள் தம்பி? 1,000 ரூபாய்க்குப் போட்டேன், இத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று சொல்வது கணக்கே கிடையாது. டேங்க் ஃபுல் செய்யுங்கள். ஓட்டுங்கள். அதே பங்கில், அதே பம்பில், வண்டி அதே பக்கம் முகம் வைத்து நிற்க, பங்கின் குழாய் தானாகக் கட் ஆகும் வரை மறுபடி நிரப்புங்கள். மீட்டர் வித்தியாசத்தை இரண்டாவது தடவை பிடித்த லிட்டரால் வகுங்கள். ஒரு நடையை மட்டும் நம்பவேண்டாம், சில டேங்க் சேர்த்துப் பாருங்கள். பங்கின் அளவில் சந்தேகம் இருந்தால், முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் எல்லாப் பங்கிலும் இருக்கும். கேட்டால் பிடித்துக் காட்டவேண்டும், அது நம் உரிமை.

டயர் சைஸ் மாற்றினீர்களா என்பதையும் சொல்லுங்கள். அதுவும் கணக்கைக் கெடுக்கும்.

டயர்கடை_திண்டுக்கல்

அண்ணன் கேட்டது சரியான கேள்வி. 215/75 ஆர் 15 இருந்த இடத்தில் 235/75 போட்டுக்கொண்டு வருகிறார்கள், வண்டி தூக்கலாகத் தெரியும் என்று. வெளிவிட்டம் சுமார் 3 சென்டிமீட்டர் கூடுகிறது. மீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 104 ஓடியிருக்கும். மைலேஜ் குறைந்த மாதிரித் தோன்றும், கொஞ்சம் நிஜமாகவும் குறையும், ஏனென்றால் டயர் கனம், ஒட்டுமொத்த கியர் விகிதம் இரண்டும் மாறிவிட்டது.

காற்றைப் பற்றி. லோடு வண்டிக்குக் காற்று கம்மியாக இருந்தால் குலுங்காது என்று பின் டயரில் குறைத்து ஓட்டுகிறார்கள். லோடு ஏறியதும் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி விரியும். அந்தச் சூடு முழுக்க உங்கள் டீசல்தான். கம்பெனி கொடுத்த அளவு வண்டியில் ஒட்டியிருக்கும், அல்லது கையேட்டில் இருக்கும். பின்னுக்கு லோடோடு ஒரு அளவு, முன்னுக்கு ஒரு அளவு. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடி வந்த சூட்டில் பார்த்து, கூட இருக்கிறதே என்று இறக்கிவிடக் கூடாது.

அப்புறம் முன் டயரில் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே ஒரு தடவு, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவு தடவுங்கள். ஒரு பக்கம் வழவழ, மறுபக்கம் ரம்பம் மாதிரி உறுத்தினால் டோ (முன் சக்கரங்கள் நேராகப் பார்க்கும் கோணம்) தப்பு. டயர் நேராக உருளாமல் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே போகிறது. அலைன்மென்ட் செலவு டயரிலேயே திரும்பி வந்துவிடும்.

மலைச்சாரல்

இவ்வளவு எதற்கு நண்பரே? திம்பத்தில் நியூட்ரலில் விட்டால் அடிவாரத்தில் உள்ள பண்ணாரி வரை டீசலே தேவையில்லை. சில பேர் எஞ்சினையே ஆஃப் செய்துதான் இறங்குகிறார்கள். மைலேஜ் நன்றாகவே ஏறும்.

இருநூற்றேழு

தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். 27 கொண்டை ஊசி வளைவு, பின்னால் ஒரு டன்னுக்கு மேல் கோஸ். எஞ்சினை ஆஃப் செய்தால் பிரேக் பூஸ்டருக்கு வாக்குவம் கிடையாது. மிச்சம் இருப்பதில் இரண்டு மூன்று தடவை மிதிக்கலாம், அதன்பிறகு பெடல் கல். பவர் ஸ்டீயரிங் வண்டியாக இருந்தால் வளைவில் கையும் ஒடியும். நியூட்ரலில் இறங்கினால் முழுப் பாரமும் பிரேக் ஷூ மேல். டிரம் கொதித்து, லைனிங் வழுக்க ஆரம்பித்தால் பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. அந்தச் சாலையில் கவிழ்ந்து கிடந்த வண்டிகளை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

பாலிடெக்னிக்_ஆட்டோ

மலைச்சாரல் அவர்கள் சொன்னதில் ஆபத்து ஒருபுறம் இருக்க, கணக்கும் தவறு. அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. எஞ்சின் வேகம் ஐட்லிங்கை விட அதிகமாக இருப்பதால், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் டீசலை நிறுத்திவிடும். காமன் ரெயில் எனும் புது வகை டீசல் எஞ்சினில் இதைக் கம்ப்யூட்டர் செய்கிறது, பழைய மெக்கானிக்கல் பம்பில் கவர்னரே செய்கிறது. நியூட்ரலில் இறங்கினாலோ எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் போய்க்கொண்டே இருக்கும். ஆக, இரண்டாவது மூன்றாவது கியரில் இறங்குவதுதான் நியூட்ரலை விடச் சிக்கனம்.

இழை தொடங்கியவருக்கு இன்னொரு விஷயம். நீங்கள் மலை வண்டி. 1 டன் எடையை 100 மீட்டர் உயரம் தூக்க, எஞ்சின் 30 சதவீதத் திறனில் வேலை செய்வதாக வைத்துக்கொண்டால், சுமார் 90 மில்லி டீசல் வேண்டும். சாலை தூரத்துக்கு ஆகும் டீசல் இதில் சேராது, உயரத்துக்கு மட்டும் இவ்வளவு. காலி வண்டியே ஒன்றரை டன் பக்கம் வரும். உரம் ஏற்றி மலை ஏறிய நடைக்கும் காலியாக ஏறிய நடைக்கும் மைலேஜ் எப்படி ஒன்றாக இருக்கும்? ஏறுவதில் செலவானதை இறங்குவதில் பெரும்பாலும் பிரேக்கில்தான் கரைக்கிறோம். சமீபமாகத் திரும்பி வரும்போது உர லோடு கூடியிருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

சமவெளியில் வேகம்தான் எல்லாம். லோடோடு மொத்தம் 2.7 டன் என்றால் உருளும் தடை சுமார் 300 நியூட்டன். 60-ல் போகும்போது காற்றுத் தடையும் ஏறக்குறைய அதே அளவு. 80-க்கு ஏற்றினால் காற்றுத் தடை மட்டும் 1.8 மடங்கு ஆகிவிடும், 500-ஐத் தாண்டும். உருளும் தடை பெரிதாக மாறாது. கேபினுக்கு மேலே ஓர் ஆள் உயரம் கிரேடு அடுக்கி, தார்ப்பாய் படபடவென்று அடிக்க 80-ல் போகிறவருக்கு எந்த நாசில் மாற்றியும் மைலேஜ் வராது. தார்ப்பாயை இறுக்கிக் கட்டுவதும், முன்பக்க அடுக்கைக் கேபின் உயரத்துக்குள் வைப்பதும் காசில்லாத வேலை.

தாளவாடி_லோடு

எல்லோருக்கும் நன்றி. கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

டயர் பழைய சைஸ்தான். வேகம் 60, 65. மார்க்கெட்டுக்கு நேரமாகிவிட்டால் மட்டும் கூடும். உர லோடு பற்றிப் பாலிடெக்னிக் சார் சொன்னது உண்மை, இந்த சீசனில் பெரும்பாலும் லோடோடுதான் ஏறுகிறேன். அது யோசனையிலேயே வரவில்லை.

பம்புக்கார அண்ணன் சொன்ன மாதிரி ஹவுசிங்கைத் திறந்தோம். உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை, கேஸ்கட் மட்டும்தான் இருந்தது. எப்போது யார் கழற்றினார்கள் என்று அப்பாவுக்கும் நினைவில்லை. முள் எப்போதும் கீழேயே இருக்கும், அதை நல்ல அறிகுறி என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம்.

வீல் சோதனையில் பின்பக்கம் வலது அனல். ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினால் அரைச்சுற்றில் நிற்கிறது, இடது பக்கம் நன்றாகச் சுற்றுகிறது. அடுத்து என்ன செய்வது?

டீசல்பம்பு_கோவை

தம்பி, இரண்டும் ஒன்றாகக் கிடைத்தது நல்லது.

தெர்மோஸ்டாட் போடுவதற்கு முன் ரேடியேட்டரைப் பாருங்கள். எதற்காகக் கழற்றினார்கள் என்ற காரணம் அங்கேதான் இருக்கும். மூடியைத் திறந்தால் டியூப் வாயில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா? போர்வெல் தண்ணீர் ஊற்றிய வண்டிகள் எல்லாம் அப்படித்தான் அடைத்திருக்கும். வெளியே ஃபின்னுக்கு நடுவே பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கும். ரேடியேட்டரைக் கழற்றி ராடிங் செய்து (டியூபுக்குள் கம்பி விட்டு அடைப்பு எடுத்து), கூலண்ட் ஊற்றி, ஃபேன் பெல்ட் டென்ஷன் பார்த்து, அதன்பிறகு புது தெர்மோஸ்டாட். அடைத்த ரேடியேட்டரோடு தெர்மோஸ்டாட்டை மட்டும் போட்டால் மலையில் ஹீட் ஆகும், மறுபடி கழற்றி வீசுவீர்கள். போடும் முன் புதிதையும் வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தெர்மோஸ்டாட்டில் காற்று வெளியேற விடும் சின்ன ஜிகிள் பின் இருந்தால் அது மேல்பக்கம் வரட்டும், ஏர் லாக் ஆகாது.

வலது பின் வீல். டிரம்மைக் கழற்றியதும் முதலில் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் பூட்டைத் (மூடியைத்) தூக்கிப் பாருங்கள். உள்ளே துருவும் ஈரமும் இருந்தால் பிஸ்டன் திரும்பி வரவில்லை, சிலிண்டரை மாற்றிவிடுங்கள். கூடவே ஷூ ரிட்டர்ன் ஸ்பிரிங், அது சூட்டில் தளர்ந்திருக்கும். அடுத்தது ஹேண்ட்பிரேக் கேபிள். உறைக்குள் துரு ஏறி, விட்டாலும் முழுசாக விடாது. கேபிளைக் கழற்றிவிட்டு வீல் ஃப்ரீ ஆகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பெடல் ஃப்ரீ பிளேயும் (பிரேக் பிடிக்கும் முன் பெடலில் இருக்கும் சிறு ஆட்டம்) பார்க்கவேண்டும். பிரேக் உயரமாகப் பிடிக்கவேண்டும் என்று அதைச் சுத்தமாக எடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரில் பிரேக் ஆயில் திரும்பிப் போகும் துளை அடைபட்டுக்கொள்ளும். சூடு ஏற ஏற நாலு வீலும் இறுகும். உங்களுக்கு ஒரு வீல்தான் என்பதால் அது காரணமாக இருக்காது. இருந்தாலும் வண்டி தூக்கியிருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது.

வேலை செய்யும்போது முன் சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

புளியம்பட்டி_சந்தை

இடையில் ஒரு கேள்விங்க. டீசல் பைப்பில் மாட்டுகிற காந்தம் ஒன்று விற்கிறார்கள். டீசலை உடைத்து நன்றாக எரியவைக்கும், 20 சதவீதம் கூடும் என்கிறார்கள். எங்கள் ஊரில் இரண்டு மூன்று பேர் மாட்டிவிட்டார்கள். வாங்கலாமுங்களா? கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் செலவு குறையும் என்றும் ஒருத்தர் சொன்னார்.

பாலிடெக்னிக்_ஆட்டோ

வாங்காதீர்கள். டீசல் காந்தத்துக்கு வசப்படும் பொருள் கிடையாது. பைப்பின் மேல் காந்தம் வைத்ததால் அது எரியும் விதம் மாறாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த மாதிரி எரிபொருள் மிச்சக் கருவிகள் 100-க்கும் மேல் பரிசோதித்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டுவதாக எதுவும் தேறவில்லை. மாட்டியவர்களுக்குக் கூடியது போலத் தெரிவதற்குக் காரணம், மாட்டிய பிறகு அவர்கள் மைலேஜைக் கவனித்து நிதானமாக ஓட்டுவதுதான்.

மண்ணெண்ணெய் பக்கமே போகாதீர்கள். பம்புக்குள்ளும் நாசிலுக்குள்ளும் உராய்வைக் குறைப்பது டீசலின் வழவழப்புதான், தனியாக ஆயில் கிடையாது. மண்ணெண்ணெயில் அது குறைவு. காமன் ரெயில் வண்டியில் கலந்தால் ஹை பிரஷர் பம்பு தேய்ந்து, அந்த இரும்புத்தூள் டீசலைத் தெளிக்கும் நாலு இன்ஜெக்டருக்கும் போய்ச்சேரும். சட்டப்படியும் கலப்படம் குற்றம்.

டயர்கடை_திண்டுக்கல்

அந்தக் காந்தக் காசுக்கு ஏர் ஃபில்டரும் டீசல் ஃபில்டரும் வாங்கிப் போடுங்கள் அண்ணா. சந்தைக்குள் டோக்கனுக்கு நிற்கும்போது எஞ்சினை ஆஃப் செய்யுங்கள். இந்த அளவு எஞ்சின் சும்மா நின்றால்கூட மணிக்கு அரை லிட்டர் பக்கம் குடிக்கும். பேட்டரி வீக், மறுபடி ஸ்டார்ட் ஆகாது என்று பயந்து ஓடவிட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் பேட்டரி மாற்றினாலே லாபம்தான்.

தாளவாடி_லோடு

வேலை முடிந்து சில டேங்க் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வலது வீல் சிலிண்டரில் ஒரு பிஸ்டன் முழுக்க இறுகியிருந்தது. டிரம்மின் உள்வட்டம் நீலம் பாரித்திருந்தது, ஷூ ஒருபக்கம் ரிவிட் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. மைலேஜை விடுங்கள், அந்த பிரேக்கோடு லோடு ஏற்றித் திம்பம் இறங்கியிருக்கிறேன் என்பதுதான் வயிற்றைக் கலக்கியது. இரண்டு பக்கமும் சிலிண்டர், ஷூ மாற்றினோம். டிரம் லேத்தில் கொடுத்துக் கடைந்தோம்.

ரேடியேட்டர் ராடிங் செய்தபோது வந்த கசடைப் பார்த்து லேத்துக்காரரே அசந்துவிட்டார். தெர்மோஸ்டாட் போட்டபின் முள் நடுவில் நிற்கிறது, ஏற்றத்தில் சற்று மேலே போய்த் திரும்பி வந்துவிடுகிறது. பின் டயர் காற்றும் கையேட்டு அளவுக்கு ஏற்றியாகிவிட்டது, அது நன்றாகவே குறைந்திருந்தது.

இப்போது போக வர 11-க்கு மேல் வருகிறது. உரம் இல்லாமல் திரும்பும் நடைகள் சேர்ந்தால் 12 தொடுகிறது. 100 கிலோமீட்டருக்கு 11 லிட்டர் போய்க்கொண்டிருந்தது 9-க்குள் வந்துவிட்டது. பம்புக்குச் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை. இனி டேப்பட் (வால்வு இடைவெளி) மட்டும் பார்க்கலாமா அண்ணா?

டீசல்பம்பு_கோவை

டேப்பட் பாருங்கள், செலவில்லாத வேலை. கையேட்டில் குளிர்ந்த எஞ்சினா சூடான எஞ்சினா என்று சொல்லியிருப்பதைப் பார்த்து அதன்படி வைக்கச் சொல்லுங்கள். டைட்டாக வைத்தால் சத்தம் இருக்காது, ஆனால் வால்வு முழுசாக மூடாமல் கம்ப்ரஷன் போகும்.

நாசிலை மட்டும் அடுத்த சர்வீசில் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் போட்டுப் பார்க்கலாம், பம்பை இறக்கத் தேவையில்லை. நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். லீவரை அடிக்கும்போது கிர்ர் என்ற சத்தத்தோடு புகை மாதிரி நாலாபக்கமும் சமமாக அடித்து, உடனே சுத்தமாக நிற்கவேண்டும். நின்ற பிறகு முனையில் ஒரு சொட்டு தொங்கினாலோ, ஒரு துளையில் மட்டும் நூல் மாதிரி நேராகப் போனாலோ அந்த நாசில் கெட்டது. நாலும் நன்றாக இருந்தால் புது வாஷர் போட்டு மாட்டிவிடச் சொல்லுங்கள்.

புளியம்பட்டி_சந்தை

எனக்கும் ஒரு வழி சொல்லுங்க. என்னுடையது 2017 காமன் ரெயில் வண்டி. பிரேக் ஃப்ரீ, தெர்மோஸ்டாட் இருக்கிறது, டயர் புதுசு. ஆனாலும் மைலேஜ் இறங்கிவிட்டது, காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் நாலு இன்ஜெக்டரும் மாற்றவேண்டும் என்கிறார்கள்.

டீசல்பம்பு_கோவை

நாலும் ஒரே நேரத்தில் கெடுவது அபூர்வம். லீக் ஆஃப் டெஸ்ட் கேளுங்கள். நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் பைப்பையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு டியூப் மாட்டி, ஒரே அளவுள்ள நாலு பாட்டிலில் விடவேண்டும். எஞ்சினை ஐட்லிங்கில் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, பாட்டில்களை வரிசையாக வைத்தால் கண்ணுக்கே தெரியும். மூன்று பாட்டில் சமமாக இருந்து ஒன்றில் மட்டும் பல மடங்கு ஏறியிருந்தால் அந்த ஒன்றைத்தான் கவனிக்கவேண்டும். நாலிலும் சமமாக, குறைவாக இருந்தால் இன்ஜெக்டரை விட்டுவிட்டு டீசல் ஃபில்டரையும் உறிஞ்சும் பக்க லைனில் காற்று இழுக்கிறதா என்பதையும் பாருங்கள். ஃபில்டருக்குப் போகும் பைப்பில் கண்ணாடி மாதிரி ஒரு டியூப் துண்டு போட்டு ஸ்டார்ட் செய்தால் குமிழி ஓடுவது தெரியும். ஹை பிரஷர் பைப்பில் மட்டும் ஓடும்போது கை வைக்காதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

பாட்டில்களைப் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.